மாலை போட்ட வீட்டில் முட்டை

என் வீட்டுக்காரர் இளைக்க ஆரம்பித்தபோது எல்லோரும் பாராட்டினார்கள்.

அவருக்கு கேஸ் சிலிண்டர் போடுகிற வேலை. பெங்களூரில் ஜோகுபாளையத்திலிருந்து இந்திரா நகர் வரைக்கும் அவர் ஏறாத மாடி இல்லை. நிறைந்த சிலிண்டரைத் தோளில் வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மூன்றாவது மாடி வரை நிற்காமல் ஏறுவார். லிப்ட் இருக்கிற கட்டடத்திலும் கேஸ்காரரை அதில் விடமாட்டார்கள். சிலிண்டர் தங்கித் தங்கி வலது தோளில் சதை தடித்துக் காய்த்துப் போயிருந்தது. எந்தச் சட்டை எடுத்தாலும் அந்தத் தோள்தான் முதலில் கிழியும். நான் தைத்துக் கொடுப்பேன்.

முதலில் தொந்தி கரைந்தது. மாடி வீட்டு அம்மா ஒருத்தி என்ன டயட் என்று கேட்டாளாம். அவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நாத்தனார் சிரிக்கவில்லை. கண் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

நாத்தனார் என்றால் அவருக்கு அக்கா. அவர்களுடைய தாய் சீக்கிரம் போய்விட்டாள். அவரைத் தூக்கி வளர்த்தது இவள்தான். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போனதும் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் கல்யாணமாகி வரும்போது சமையலறை அவள் கையில் இருந்தது. அப்புறமும் அவள் கையிலேயே இருந்தது. நான் வெளியே இரண்டு வீடுகளில் சமையல் வேலைக்குப் போகிறேன். ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்டேன். என் வீட்டில் அடுப்பு என்னுடையது இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கு ஆக்கப்போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

சிலிண்டர் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருநாள் நான் வேலைக்குப் போகும் வழியில் நிறுத்தினார். அண்ணன் இரண்டாவது மாடியில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்றார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். மூச்சு இல்லை அக்கா, தோள் தாங்கவில்லை என்கிறார் என்றார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது அவர் கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருண்டையாகச் சதை இருக்குமே, அது இல்லை. குழி விழுந்திருந்தது. சாப்பாடு குறைந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எப்போதும்போலத்தான் சாப்பிட்டார். கொஞ்சம் நிதானமாகச் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

நுரையீரலில் கட்டி என்று சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வாசலிலேயே எடை மிஷின். டாக்டர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதில்தான் ஏற வேண்டும். மருந்து ஏற்றினார்கள். மறுபடி வரச் சொன்னார்கள். மறுபடி ஏறினார். எடை இறங்கியிருந்தது.

அங்கே சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கென்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னடத்தில்தான் பேசினாள். எனக்கு நன்றாகவே புரியும். அவர் கையைத் தூக்கிப் பிடித்து, மேல்கையை அமுக்கிக் காட்டினாள். போவது கொழுப்பு இல்லையம்மா, தசை என்றாள். தசை போனால் மருந்தைத் தாங்க மாட்டார். இன்னும் இறங்கினால் டாக்டர் அடுத்த மருந்தை நிறுத்திவிடுவார். முட்டை கொடு, கோழி கொடு, மீன் கொடு, பருப்பு, தயிர் கொடு, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடு. சாப்பாட்டையும் மருந்து மாதிரி நினைத்துக்கொள் என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. மற்றதெல்லாம் எனக்குப் புரியாத விஷயம். இது எனக்குத் தெரிந்த வேலை. ஆக்கிப்போடுகிற வேலை. அவரைத் தேற்றி அடுத்த மருந்துக்கு அந்த மிஷினில் ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

வரும் வழியில் ஒரு அட்டை முட்டை வாங்கினேன். அவர் பின்னால் மெதுவாக வந்தார். வீட்டு வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். சிவப்புப் புடவை. கழுத்தில் மணி மாலை. நெற்றி நிறையக் குங்குமம். வாசல் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

“இன்னா கையில?”

“முட்டை, அண்ணி. ஆஸ்பத்திரில சொன்னாங்க.”

“அங்கியே நில்லு. உள்ள கொண்டாராதே. அவனுக்கோசரம் அம்மனுக்கு மாலை போட்டுக்கினேன். கோயிலுக்குப் போய் இறக்கற வரைக்கும் இந்த வூட்ல கவுச்சி கிடையாது.”

நான் ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதைச் சொன்னேன். தசை, மருந்து, நிறுத்திவிடுவார்கள், எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காது கொடுக்காத பொம்பளை இல்லை அவள்.

“டாக்டருக்கு மருந்து தெரியும். உசுரு யாரு கையில இருக்குதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

அட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தெருவில் மார்கழி வந்தால் பாதிப் பெண்கள் சிவப்புப் புடவைதான். கார்மெண்ட்ஸ் போகிறவர்கள், ஆபீஸ் கூட்டுகிறவர்கள், எல்லோரும் மாலை போடுவார்கள். பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போய் வருவார்கள். எனக்கு அதில் ஒன்றும் கோபம் இல்லை. ஆனால் அவர்கள் மாலை போட்டால் வீட்டில் இருக்கிற ஆம்பளைகள் சும்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு சாம்பார் சாப்பிடுவார்கள். சதை கரைகிற ஆள் யார் வீட்டிலும் இல்லை.

அவள் ஒருவேளைதான் சாப்பிட்டாள். விடியுமுன் தலைக்குக் குளித்தாள். செருப்புப் போடவில்லை. வெறும் தரையில் படுத்தாள். காப்பி குடிக்காமல் இருக்கமாட்டாத பொம்பளை, காப்பியை விட்டாள். அவளும் இளைத்தாள். தம்பிக்காக அக்கா எப்படி உருகுகிறாள் பார் என்று தெருவே சொன்னது. அவர் உருகுவதை யாரும் சொல்லவில்லை. அது நோய். இது பக்தி.

நானும் குளித்தேன். என் வேலை அப்படி. ஒரு வீட்டில் தினமும் கோழி, இன்னொரு வீட்டில் மீன். கவுச்சி தொட்ட கையோடு மாலை போட்ட வீட்டுக்குள் நுழையக்கூடாது. அதனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வெளியே பொதுக் குழாயடியில், தட்டி மறைப்பில், தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பெங்களூர்க் குளிரில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வேலை செய்கிற வீட்டு மேடத்திடம் கேட்டேன். உங்கள் அடுப்பில் இரண்டு முட்டை வேகவைத்துக்கொள்ளட்டுமா, முட்டை நான் கொண்டுவருகிறேன் என்றேன். தாராளமாக என்றார். தன் பிரிட்ஜிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னார். சில நாள் கழித்து, இது ஒட்டுகிற வியாதியா என்று விசாரித்தார். இல்லை மேடம் என்றேன். தெரியும் தெரியும் என்றார். மறுநாள் ஒரு பழைய பாத்திரம் தனியாக இருந்தது. முட்டை வேகவைத்த பிறகு அதைக் கழுவி பால்கனியில் கவிழ்க்கச் சொன்னார். அந்தக் கையால்தான் அவர்கள் எல்லோருக்கும் கோழி ஆக்கினேன். அது ஒட்டவில்லை.

முட்டையைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏரிக்கு வருவேன். அல்சூர் ஏரிச் சுவர் ஓரமாக அவர் வெயிலில் உட்கார்ந்திருப்பார். வேலைக்குப் போவதை நிறுத்தியாகிவிட்டது. கட்டைச் சுவரில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது என்று ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வார். அந்தச் சாக்கு சிலிண்டருக்காகத் தோளில் போட்டிருந்தது. நான் ஓடு உரித்துக் கொடுப்பேன். உப்பு, மிளகுத்தூள் தொட்டுக்கொண்டு மெதுவாகத் தின்பார். எதிரில் ஜனங்கள் ஷூ போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்கச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள்.

“இவங்கெல்லாம் எதுக்கு இப்படி ஓட்றாங்க தெரியுமா? எனக்கு வந்ததை வாங்கறதுக்கு” என்பார். நான் அடுத்த முட்டைக்கு ஓடு உரிப்பேன்.

அப்படிக் கொஞ்ச நாள் நடந்தது. எடை ஏறவில்லை. ஆனால் ஒரு தரம் இறங்காமல் நின்றது. அந்தத் தரம் மருந்தை ஏற்றினார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. இன்னும் இரண்டு முட்டை கூட வைக்கலாமா, ஈரல் வாங்கலாமா என்றெல்லாம் யோசித்தேன்.

அவர்தான் போய்ச் சொன்னார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அக்காவிடம் மறைத்து அவருக்குப் பழக்கம் இல்லை. பீடி பிடிப்பதைக்கூட அவளுக்குத் தெரிந்தேதான் பிடித்தார். அக்கா, நான் வெளியே முட்டை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ரொம்ப நேரம் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“துன்னு. வேணாம்னு சொல்லலே. உன் உடம்புக்கு அதுதான்னா துன்னு. ஆனா தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா” என்றாள்.

நியாயமாகத்தான் பேசினாள். அதனால் என்னால் சண்டை போட முடியவில்லை.

அன்றிலிருந்து அவரும் குழாயடியில் குளித்தார். நாத்தனாரே வெந்நீர் வைத்து ஒரு குண்டானில் வாசற்படிக்கு வெளியே நீட்டுவாள். நான் வாங்கிப் பக்கெட்டில் கலப்பேன். அது வெந்நீராக இருந்தது உண்மைதான். ஆனால் தலையில் ஊற்றி இடுப்புக்கு வருவதற்குள் காற்று அதைப் பச்சைத் தண்ணீராக்கிவிடும். ஒரு குண்டான் தண்ணீர் எவ்வளவு நேரம் வரும்.

அப்போதுதான் அவர் உடம்பை முழுதாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தது வேறு. வீட்டுக்குள் எப்போதும் போர்த்திக்கொண்டிருப்பார். குழாயடியில் துண்டோடு உட்கார்ந்தபோது எல்லாம் தெரிந்தது. கழுத்தெலும்புக்குப் பின்னால் குழி. ஊற்றுகிற தண்ணீர் அந்தக் குழியில் நின்றது. முதுகில் எலும்பு எலும்பாக. தொடை என் கை அளவு. நெற்றிப்பொட்டு இரண்டும் உள்ளே போயிருந்தது. வலது தோளில் இருந்த காய்ப்பு மட்டும் போகவில்லை. அதற்கு அடியில் சதை இல்லாததால் தோல் தனியாகத் தொங்கியது.

நடுங்குவார். சாதாரண நடுக்கம் இல்லை. பல் அடிக்கும். சதை இருந்தால் குளிருக்கு ஒரு போர்வை மாதிரி. அது இல்லாதவருக்குக் குளிர் நேராக எலும்பில் இறங்கியது. துடைத்து, சட்டை மாட்டி, ஸ்வெட்டர் போட்டு, உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைப்பேன். நடுக்கம் நிற்கவே நேரமாகும். நாத்தனார் கால் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்ப்பாள். அவளே ஊற்றிக்கொள்ளச் சொல்லி, அவளே தேய்ப்பாள்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஏரிக்கரையில் நான் ஓடு உரித்துக்கொண்டிருந்தேன்.

“முட்டை வேணாம்” என்றார்.

“வாய் கசக்குதா?”

“வாய்க்கு ஒண்ணும் இல்லே. குளிக்க முடியலே.”

“அப்படின்னா குளிக்காதீங்க. நான் பேசறேன் அண்ணிகிட்ட.”

“பேசாதே. அவ எனக்கோசரம் பட்டினி கெடக்கறா. நான் முட்டை துன்னுட்டு போய் அவ விரதத்தைக் கெடுக்கவா? வுடு.”

உரித்த முட்டையை நான்தான் சாப்பிட்டேன். வீசியெறிய மனம் வரவில்லை.

அதற்கப்புறம் அவர் சாம்பார், ரசம், கஞ்சி. நாத்தனார் பருப்பும் தயிரும் போடத்தான் செய்தாள். ஆனால் அவரால் இரண்டு கைக்கு மேல் முடியவில்லை. ஒருநாள் வீட்டில் கேஸ் தீர்ந்தது. புது சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டரை மாட்ட உட்கார்ந்தார். அந்த வேலையை இவர் எத்தனை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பார். அமுக்கித் திருப்ப முடியவில்லை. விரல் வழுக்கியது. நான் நகருங்கள் என்று சொல்லவில்லை. அவராக நகர்ந்துகொண்டார். நான் மாட்டினேன்.

எனக்கு அன்றைக்குத்தான் வெறி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஷின் என்ன சொல்லும் என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன். நாத்தனார் பூஜைக்குக் கோயிலுக்குப் போனாள். கடைக்குப் போய் ஆட்டு நெஞ்செலும்பு வாங்கினேன். பரணில் இருந்த என் பழைய பானையை இறக்கினேன். அவளுடைய விரதப் பாத்திரம் எதையும் தொடவில்லை. மிளகு, சீரகம், பூண்டு இடித்துப்போட்டு ரசம் வைத்தேன். கறியைத் தனியாக வேகவிட்டுப் பிய்த்துப் போட்டேன். வீடு முழுக்க வாசனை. அவர் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தார். கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். உதடு சிவந்தது.

இரண்டாவது கிண்ணம் ஊற்றும்போது வாசலில் நிழல் விழுந்தது.

நாத்தனார் படியேறவில்லை. கையில் பிரசாதத் தட்டு.

“யாருக்கோசரம் போட்டேன் இந்த மாலை? எனக்கா?” என்றாள்.

“யாருக்கோசரம் ஆக்கினேன் இதை? எனக்கா?”

“நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா?”

“நாளைக்கா? இன்னிக்கி அவரைப் பாருங்க அண்ணி. மாலையைப் பாக்காதீங்க, அவரைப் பாருங்க.”

“ரெண்டு பேரும் சித்த சும்மா இருங்க. ஆறுது” என்றார் அவர்.

அவள் உள்ளே வரவேயில்லை. அவளுடைய துணி மூட்டையையும் பாயையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னாள். வைத்தேன். தெருக்கோடி அம்மன் கோயில் மண்டபத்தில் மாலை போட்ட பெண்களோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே தெரு வந்தது. ஒருத்தி உட்காராமல் நின்றபடியே பேசினாள். மாலை போட்ட வீட்டில் கறி ஆக்கினவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அம்மன் சும்மா விடமாட்டாள், அவளுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், பாவம் அந்த மனுஷன் சொல்ல வேண்டியதில்லை என்றாள். இன்னொருத்தி பானையை எட்டிப் பார்த்தாள். உள்ளே இன்னும் ரசம் இருந்தது. ஊற்றித் தரட்டுமா என்று கேட்டேன். போய்விட்டார்கள்.

கவுச்சிக்கு இனி தடை இல்லை. மறுநாள் ஈரல் வாங்கினேன். அதற்கு மறுநாள் மீன். மேடத்தின் வீட்டுக்கு ஆக்குகிற மாதிரி, அதைவிட நன்றாக ஆக்கினேன். அவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

“அக்கா எங்க?”

“கோயில்ல.”

“துன்னாளா?”

“ஒருவேளைதானே. துன்னிருப்பாங்க.”

ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். முதல் நாள் குடித்த அந்த இரண்டு கிண்ணத்தோடு சரி. அதற்குமேல் என் கையால் அவர் வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை. அது நோயா, அக்காவா, எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தது.

“போய்க் கூட்டியா” என்றார் ஒருநாள். “என்னால நடக்க முடியலே. நடந்தா நானே போவேன்.”

போனேன். மண்டபத்தில் சிவப்பு சிவப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு இளைத்திருந்தாள். திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணி.”

“அவன் அனுப்பினானா, நீயா வந்தியா?”

“அவர்தான் அனுப்பினாரு.”

“அப்ப வர்றேன்.”

நானாக வந்தேன் என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாள். நானும் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். என் பானை பரணுக்குப் போனது. அவர் அன்றைக்கு ராத்திரி அவள் பிசைந்து கொடுத்த தயிர் சோறு சாப்பிட்டார். நான் வைத்த மீனைவிடக் கூடவே சாப்பிட்டார். அதை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். அவரைப் பிடித்து மிஷினில் ஏற்றினோம். எழுதுகிற ஆள் மிஷினைத் தட்டினான். இறங்கி ஏறச் சொன்னான். மிஷினில் கோளாறு என்று நினைத்துவிட்டான். இரண்டாவது தரமும் அதையேதான் காட்டியது.

டாக்டர் இளவயதுக்காரர். முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். இப்போதைக்கு மருந்து கொடுக்க முடியாது, உடம்பில் தாங்குகிற பலம் இல்லை, கொடுத்தால் மருந்தே கொண்டுபோய்விடும் என்றார். இப்போதைக்கு என்று அவர் சொன்னது எங்களுக்காக. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நான் கேட்டுவிட்டேன். நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன். முதலிலிருந்தே முட்டையும் கறியும் கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா, டாக்டர்?

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். இந்த வியாதி கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் இருப்பதில்லையம்மா. ரத்தத்தில் ஏதேதோ கலக்கிறது. உடம்பு தன் தசையைத் தானே கரைக்கிறது. சாதாரண ஆள் பட்டினி கிடந்தால் இளைப்பான், சாப்பிட்டால் தேறுவான். இது அப்படி இல்லை. சாப்பிட்டாலும் ஒட்டாது. சாப்பாடு கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், கொஞ்ச நாள் கொடுக்கும், தெம்பு கொடுக்கும். நிறுத்தாது. யாரும் தப்புச் செய்ததாக நினைக்காதீர்கள் என்றார்.

நல்ல மனுஷன். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அந்த ஒரு பேச்சை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டோம். நிறுத்தாது என்பதை அவள் எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் என்பதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் அவர் நடுவில் உட்கார்ந்தார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் எலும்பு குத்துகிறது என்று எங்கள் இரண்டு பேர் தோளையும் பிடித்துக்கொண்டார். டிரினிட்டி சர்க்கிள் சிக்னலில் வண்டி நின்றது.

“அம்மனும் தோத்துட்டா, ஆடும் தோத்துடுச்சு” என்றார். “இனிமே என்னை வெச்சு சண்டை போடாதீங்க.”

ஆட்டோக்காரன் சிரித்தான். அவனுக்கு என்ன விஷயம் என்று தெரியாது.

நாத்தனார் விரதத்தை விடவில்லை. மருந்தே நின்றுவிட்டதே, இனி எதற்கு என்று நான் கேட்கவும் இல்லை. போட்டதை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனாள். போகும்போது தம்பி தலையைத் தொட்டாள். வரும்வரைக்கும் இரு என்றாள். இருந்தார்.

திரும்பி வந்து மாலையைக் கழற்றினாள். சிவப்புப் புடவையைத் துவைத்துப் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய் அவள் கையால் முட்டை வாங்கி வந்தாள். அவளே வேகவைத்தாள். மஞ்சள் கருவை மட்டும் எடுத்து வெந்நீரில் கரைத்து ஸ்பூனால் கொடுத்தாள். அவர் அவளுக்காக வாயைத் திறந்தார். உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். மறுபடி வழிந்தது. போதும் அண்ணி என்று ஸ்பூனை வாங்கப் போனேன். விடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் போய்விட்டார். சிலிண்டர் வேலைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். அவர்கள்தான் தூக்கினார்கள். கனத்துக்குத் தோள் கொடுத்துப் பழகிய ஆட்கள். தூக்கியதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றுமே இல்லை அக்கா, வெறும் மூங்கில் கனம்தான் என்று ஆட்டோ ஓட்டுகிறவர் பிறகு என்னிடம் சொன்னார். அதை எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது.

தெருவில் பேச்சு என்னவென்று எனக்குத் தெரியும். கறி ஆக்கினாள், விரதம் கெட்டது, மனுஷன் போனான். என் காது படவே சொன்னார்கள். நாத்தனார் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவர்களைத் தடுத்தும் நான் கேட்டதில்லை.

காரியத்தன்று படையல். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் வைப்பது எங்கள் வழக்கம். நாத்தனார் விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றாள். ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், மீன் வறுவல், கருவாட்டுத் தொக்கு. ஒரு பெரிய பாத்திரம் நிறைய முட்டை. ஒன்றையும் குறைக்கவில்லை. தலைவாழை இலை போட்டு அவர் போட்டோ முன்னால் குவித்தாள். இலை தாங்கவில்லை. பீடிக் கட்டும் வைத்தாள். சாம்பிராணி போட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர் வந்து சாப்பிடுவதற்கு.

அப்புறம் பந்தி. சொந்தக்காரர்கள் ஓசூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் வந்திருந்தார்கள். கறி நன்றாக வெந்திருக்கிறது என்றார்கள். கை மணக்கிறது என்றார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள். நாத்தனார் பரிமாறிக்கொண்டே வந்தாள். என் இலையில் இரண்டு முட்டை வைத்தாள்.

“துன்னு. அவன் பேர்ல ஆக்கினது.”

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். பந்தி முழுக்க ஆட்கள். அதைப் பற்றி எனக்கு அப்போது கவலை இல்லை.

“இதை அப்பவே ஆக்கியிருக்கலாம், அண்ணி.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. அவள் பாத்திரத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்கும் இல்லை.

“அப்ப ஆக்கியிருந்தா மட்டும்? டாக்டர் சொன்னதை நீயுந்தானே கேட்டே” என்றாள். அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டாள்.

கேட்டேன்தான். பிழைத்திருக்க மாட்டார். எனக்குத் தெரியாததில்லை. இன்றைக்கு அவளும் நானும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் ஆக்குகிறாள், நான் சம்பாதிக்கிறேன். அந்தப் பேச்சை அதற்கப்புறம் நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் பந்தியில் அவளுக்கு நான் சொல்லாத பதில் ஒன்று இருக்கிறது. உயிர் பிழைப்பது கிடக்கட்டும். எத்தனை நாள் இருந்தாரோ அத்தனை நாளும் வீட்டுக்குள் உட்கார்ந்து சூடாக ஒரு முட்டை சாப்பிட்டிருக்கலாம். சாப்பிட்டுவிட்டு ஈரத் தலையோடு நடுங்காமல், அப்படியே படுத்துத் தூங்கியிருக்கலாம்.